ஈகிள் ஸ்கவுட்: பதினெட்டாம் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் மொத்தம் ஏழு படிகள். ஸ்கவுட், டென்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப் என்று ஆறு படி ஏறினால் ஏழாவதாக நிற்பது ஈகிள். 1912இல் ஆர்தர் எல்ட்ரெட் என்ற நியூயார்க் மாநிலத்துப் பையன்தான் முதல் ஈகிள். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அதிபராக இருந்த ஜெரால்ட் ஃபோர்டும் இந்தப் படியை ஏறியவர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து பெண் பிள்ளைகளும் இதே பாதையில் சேர முடிகிறது; 2021இல் முதல் பெண் ஈகிள்கள் வந்தார்கள். ‘பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பெயரும் 2025 பிப்ரவரியில் ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ ஆகிவிட்டது. பழைய பெயரோடு இருக்கும் படிவம் கையில் கிடைத்தால் உடனே நிரப்ப வேண்டாம், புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

விருது என்றதும் பெற்றோர் மனத்தில் ஓடுவது கல்லூரி விண்ணப்பம். அங்கே இது மதிப்புள்ள ஒரு வரி, அவ்வளவுதான். இடம் வாங்கித் தந்துவிடாது. அமெரிக்க ராணுவத்தில் சேருகிறவருக்கு மட்டும் நேரடிப் பலன் ஒன்று உண்டு: சற்று உயர்ந்த ஊதிய நிலையில் தொடங்க வாய்ப்புக் கிடைக்கும். இதற்காக மட்டும் ஒரு பிள்ளையை நாலைந்து வருடம் இழுத்துக்கொண்டு போக முடியாது. முகாமும் நண்பர்களும் பிடித்திருந்தால்தான் வண்டி ஓடும்.

முதலில் காலண்டரை எடுங்கள்

ஈகிளுக்கான வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் சராசரிப் பிள்ளையால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. ஆனாலும் லைஃப் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் தேதிக் கணக்கு.

விதி இதுதான். மெரிட் பேட்ஜ்கள் (ஒவ்வொரு துறையிலும் தேர்ந்ததற்குத் தரும் சின்னங்கள்), ட்ரூப்பில், அதாவது உள்ளூர்ச் சாரணர் குழுவில் வகிக்கும் பொறுப்பு, சேவைத் திட்டம், ட்ரூப்பை நடத்தும் பெரியவரான ஸ்கவுட்மாஸ்டருடன் நடக்கும் உரையாடல் எல்லாமே 18ஆம் பிறந்தநாளுக்கு முன்பு முடிந்திருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி முடித்தால் செல்லும். பிறந்தநாளன்று காலையில் முடித்தால் செல்லாது. கடைசி நேர்காணல் மட்டும் பிறந்தநாளுக்குப் பிறகும் நடக்கலாம்.

இனிப் பின்னோக்கி எண்ணுவோம். ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியபின் ஸ்டாருக்குக் குறைந்தது 4 மாதம் ட்ரூப்பில் முனைப்பாக இருந்தாக வேண்டும். ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு 6 மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு இன்னொரு 6 மாதம். மொத்தம் 16 மாதம். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இதைச் சுருக்க முடியாது. அப்படியானால் 16 வயது 8 மாதத்துக்குள் ஃபர்ஸ்ட் கிளாஸ், 17½ வயதுக்குள் லைஃப். இவை மலையின் விளிம்பு. விளிம்பில் நடக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் லைஃபைக் கையில் வைத்திருப்பது நல்லது. அதற்குமேல் கார் உரிமம், பகுதிநேர வேலை, தேர்வுகள் என்று எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

கால நீட்டிப்பு கேட்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. கேட்கலாம், ஆனால் பிள்ளையின் கையை மீறிய, எதிர்பாராத காரணம் இருந்தால்தான் தருவார்கள். விளையாட்டுப் பயிற்சி, பாடச் சுமை, “விதி தெரியாமல் போச்சு” போன்றவை எடுபடாது. நிரந்தர உடற்குறை அல்லது மனவளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளுக்குத் தனி வழிமுறை இருக்கிறது. மாற்று பேட்ஜ்கள், வயது வரம்புத் தளர்வு இரண்டையும் இயக்கத்தின் வட்டார நிர்வாகமான கவுன்சிலின் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நீச்சலில் நிற்கும் பிள்ளைகள்

கீழ்ப் படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி, சமையல் என்று வாராந்திரக் கூட்டத்துக்கும் மாத முகாமுக்கும் ஒழுங்காகப் போகிறவருக்குத் தானாக நடக்கும். ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு நீச்சல் தேர்வு உண்டு: தலைக்குமேல் ஆழமுள்ள தண்ணீரில் கால் முதலாகக் குதித்து, 75 கஜம் வலுவாக நீந்தி, பிறகு 25 கஜம் மல்லாந்தபடி நிதானமாக நீந்தி, கடைசியில் அசையாமல் மிதக்க வேண்டும். இடையில் கரையைப் பிடிக்கக் கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளை மற்றதையெல்லாம் முடித்துவிட்டு இந்த ஒன்றுக்காக ஒரு வருடம் காத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது. பதினொரு வயதில் ட்ரூப்பில் சேர்க்கும்போதே நீச்சல் வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள். பதினான்கு வயதில் சின்னப் பிள்ளைகளோடு நின்று கற்றுக்கொள்ளக் கூச்சப்படுவார்கள்.

இருபத்தொரு பேட்ஜ், மூன்று நீண்ட கணக்குகள்

ஈகிளுக்கு 21 மெரிட் பேட்ஜ். ஸ்டாருக்கு 6, லைஃபுக்கு மொத்தம் 11 என்று வழியிலேயே சேர்ந்துகொண்டு வரும். அந்த 6இல் 4, 11இல் 7 கட்டாயப் பட்டியலிலிருந்து வர வேண்டும். கட்டாயப் பட்டியலின் நீளம் மாறக்கூடியது. 2022இல் 13லிருந்து 14 ஆயிற்று. அதனால் அண்ணன் வைத்திருந்த பழைய கையேட்டை நம்பாமல் நடப்புப் பட்டியலைப் பாருங்கள். மீதியைப் பிள்ளை தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

இவற்றில் பல பேட்ஜ்கள் ஒரு வாரக் கோடை முகாமிலேயே முடிந்துவிடும். தொந்தரவு தருபவை, எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாள்கள் கடந்தாக வேண்டியவை. மூன்றைச் சொல்லலாம். ‘பர்சனல் மேனேஜ்மென்ட்’டுக்கு 13 வாரம் வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். ‘பர்சனல் ஃபிட்னெஸ்’ஸுக்கு 12 வார உடற்பயிற்சித் திட்டம். ‘ஃபேமிலி லைஃப்’புக்கு 90 நாள் வீட்டு வேலைப் பட்டியல். 13 வாரம் என்பது 91 நாள். ஆக மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே பருவத்தில் முடித்துவிடலாம். 17 வயது 10 மாதத்தில் தொடங்கினால் மூன்றும் போச்சு.

தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டிலேயே 90 நாள் பாத்திரம் கழுவிவிட்டு அப்புறம் பேட்ஜ் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் ஆலோசகரைத் தேடினால், “நான் பார்க்கும் முன்பு செய்ததை எப்படி ஏற்பது?” என்ற கேள்வி வரலாம். முதலில் ஸ்கவுட்மாஸ்டரிடம் கையெழுத்து, அடுத்து ஆலோசகருடன் பேச்சு, அதற்குப் பிறகு முதல் நாள். ஆலோசகர் இயக்கத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவரைப் பார்க்கப் பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது. பெற்றோரில் ஒருவரோ பதிவு பெற்ற இன்னொரு பெரியவரோ கூட இருக்க வேண்டும். பிள்ளைப் பாதுகாப்பு விதியில் இதற்கு விலக்கே இல்லை.

‘கேம்பிங்’ பேட்ஜில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 20 இரவு வெளியே தங்க வேண்டும். கோடை முகாமில் மூன்று வருடம் தொடர்ந்து போனவன் 18 இரவு ஆயிற்று என்று கணக்குப் போட்டிருப்பான். ஆனால் நீண்ட முகாம் ஒன்றே ஒன்றுதான் கணக்கில் சேரும், அதிலும் 6 இரவு வரைதான். பாக்கி 14 இரவு வார இறுதி முகாம்களிலிருந்து வர வேண்டும். வெள்ளி, சனி என்று இரண்டிரண்டாக ஏழு முகாம். கூரை போட்ட கேபினில் தூங்கிய இரவு சேராது. குடும்பத்தோடு போன கேம்பிங்கும் சேராது, சாரணர் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். வருடத்துக்கு நாலு வார இறுதி என்று வைத்தால்கூட இது கிட்டத்தட்ட இரண்டு வருட வேலை. முதல் முகாமிலிருந்தே தேதி, இடம், இரவு எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள்.

நீச்சல், நடை, சைக்கிள் மூன்றில் ஒன்றை எடுக்கலாம் என்று பட்டியலில் இருக்கும். நீச்சலே சுருக்கமான வழி. நடையைத் தேர்ந்தெடுத்தால் 5 மைல் ஒன்று, 10 மைல் மூன்று, 15 மைல் ஒன்று, 20 மைல் ஒன்று என்று 70 மைல் கால் நோக நடக்க வேண்டும். பிடித்தவர்களுக்கு அது ஒரு சுகம்.

பேட்ஜ் முடிந்ததும் கையில் வருவது நீல அட்டை. மூன்று பகுதியாகக் கிழியும்: ஒன்று ஆலோசகருக்கு, ஒன்று ட்ரூப்புக்கு, ஒன்று பிள்ளைக்கு. இப்போது பல ட்ரூப்புகளில் எல்லாம் கணினிப் பதிவாகிவிட்டது. அட்டை தந்தால் பிள்ளையின் பகுதியை அட்டை உறையில் போட்டு ஈகிள் முடியும் வரை பத்திரமாக வையுங்கள். பதிவு அழிந்துபோனால் அந்தச் சின்னக் காகிதம்தான் சாட்சி. பாதியில் நின்ற பேட்ஜுக்குக் காலாவதி கிடையாது. 18 வயது வரை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். அது ஒரு வருடத்தில் செல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பொறுப்பு: பெயர் பொருந்துகிறதா?

லைஃப் ஆனபிறகு 6 மாதம் ட்ரூப்பில் ஒரு பொறுப்பில் இருக்க வேண்டும். பட்ரோல் லீடர் (ட்ரூப்புக்குள் ஒரு சிறு அணியின் தலைவர்), சீனியர் பட்ரோல் லீடர் (ட்ரூப் முழுவதற்கும் பிள்ளைகளின் தலைவர்), குவார்ட்டர்மாஸ்டர் (பொருள்களைப் பார்ப்பவர்), ஸ்கிரைப் (குறிப்பெடுப்பவர்), ட்ரூப் கைடு (புதியவர்களுக்கு வழிகாட்டுபவர்), டென் சீஃப் (சின்னப் பிள்ளைகளின் அணிக்கு உதவுபவர்) போன்றவை செல்லும். துணைப் பட்ரோல் லீடர் செல்லாது. ஊதுகொம்பு ஊதும் பியூக்ளர் பொறுப்பு ஸ்டாருக்கும் லைஃபுக்கும் செல்லும், ஈகிளுக்குச் செல்லாது. இது தெரியாமல் ஆறு மாதம் ஊதிவிட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. லைஃபுக்கு முன்னால் வகித்த மாதங்களையும் இங்கே சேர்க்க முடியாது. ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பொறுப்பில் மூன்று மூன்று மாதமாகவும் இருக்கலாம். பல ட்ரூப்புகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தேர்தல். ஒன்றைத் தவறவிட்டால் அரை வருடம் போய்விடும் என்பதால் லைஃப் நேர்காணல் எப்போது, அடுத்த தேர்தல் எப்போது என்று சேர்த்துப் பாருங்கள்.

சேவைத் திட்டம்

ஈகிள் என்றாலே எல்லோரும் பேசுவது இதைத்தான். குழப்பமும் இங்கேதான் அதிகம். விதி கேட்பது: ஒரு பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ ஊர்ப் பொதுவுக்கோ பயன்படும் வேலை ஒன்றைப் பிள்ளை தானே திட்டமிட்டு, வளர்த்து, மற்றவர்களை வழிநடத்தி முடிக்க வேண்டும். கோவில், தமிழ்ப் பள்ளி, நூலகம், பூங்கா எதுவும் சரி. வணிக நிறுவனத்துக்கோ தனி ஆளுக்கோ செய்யக் கூடாது. சாரணர் இயக்கத்துக்கே செய்வதும் கூடாது. வெறும் நிதி திரட்டல் திட்டம் ஆகாது. வழக்கமான பராமரிப்பு வேலையும் ஆகாது. இரண்டு பேர் ஒரே திட்டத்தைப் பங்குபோட்டு இருவரும் கணக்குக் காட்ட முடியாது.

எத்தனை மணி நேரம்? குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. நூறு மணி வேண்டும் என்று சொன்னால் அது அந்த ட்ரூப்பின் வாய்வழிச் செய்தி. திட்டத்தின் அளவைவிட, பிள்ளை தலைமை ஏற்றதா என்பதையே பார்க்கிறார்கள். தன்னைத் தவிர குறைந்தது இரண்டு பேரையாவது வழிநடத்தியிருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் முன்மொழிவு. இதற்கென்று அதிகாரபூர்வமான ஒரு பணிப் புத்தகம் இருக்கிறது. அதில்தான் எழுத வேண்டும். பயன்பெறும் அமைப்பு, ஸ்கவுட்மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, மாவட்டம் அல்லது கவுன்சில் என்று நாலு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் ஆணி அடிக்கலாம். கையெழுத்துக்கு முன்பு தொடங்கிவிட்ட திட்டத்தை எவ்வளவு நன்றாக முடித்தாலும் ஏற்காமல் விடலாம். கையெழுத்து கிடைக்கச் சில வாரம் ஆகும். கோடையில் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், இன்னும் தள்ளும்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். தொடக்கப் பள்ளித் தோட்டத்துக்கு மரச்சட்டம் கட்டிய பாத்தி மூன்று. ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 4 அடி அகலம். 2×6 பலகையை இரண்டு அடுக்காக வைத்தால் உயரம் 11 அங்குலம். பெயர்தான் ஆறு, உண்மையில் பலகை 5½ அங்குலம். ஒரு பாத்திக்கு 8 அடிப் பலகை ஆறு: நீளப் பக்கங்களுக்கு நாலு, மீதி இரண்டைப் பாதியாக அறுத்தால் அகலப் பக்கங்கள். மூன்றுக்கும் 18, வளைந்தது, பிளந்தது என்று கழிவுக்கு இரண்டு சேர்த்து 20. மூலைக்கு 4×4 கட்டை 11 அங்குலத்தில் 12 துண்டு, இதற்கு 8 அடிக் கட்டை இரண்டு. ஒவ்வொரு பலகை முனையிலும் இரண்டு திருகு என்றால் 96. மூன்று அங்குலத் திருகு 120 வாங்குங்கள், புல்லில் விழுந்தது திரும்பக் கிடைக்காது. மண் 9 அங்குலத்துக்கு நிரப்பினால் மூன்று பாத்திக்கும் 72 கன அடி, அதாவது 2⅔ கன கஜம். மண் அமுங்கும், அதனால் 3 கன கஜம் சொல்லலாம். ஒரு தள்ளுவண்டியில் நாலரை கன அடி ஏறும் என்றால் 18 நடை.

இந்த அளவுக்குக் கணக்கு எழுதிய முன்மொழிவைப் பார்ப்பவர் கேள்வி கேட்கவே யோசிப்பார். ‘மரம், திருகு, மண்’ என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார். பலகையைப் பற்றி ஒன்று: ரசாயனம் ஏற்றிய மரம் மலிவு, ஆனால் காய்கறிப் பாத்திக்கு அது வேண்டாம் என்று பள்ளி சொல்லலாம், சிடார் என்றால் செலவு கூடும். விலை போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை நாளன்று என்ன கெடும்? பன்னிரண்டு பேர் வந்திருப்பார்கள், துளைபோடும் கருவி ஒன்றுதான் இருக்கும். ஒருவர் திருகுவார், பதினொரு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்று பாத்திக்கு மூன்று அணி, அணிக்கு ஒரு கருவி, மாற்று பேட்டரி என்று முன்பே பிரித்துவிட வேண்டும். மண் லாரி காலை எட்டரைக்கே வந்து வாசல் வழியில் கொட்டிவிட்டுப் போகும். பாத்தி இன்னும் முளைத்திருக்காது. மண்ணைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லி, கொட்டும் இடத்தில் தார்ப்பாய் விரித்து வைப்பது பிள்ளையின் வேலை. வட்ட ரம்பம் போன்ற மின் ரம்பங்களை இயக்கப் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே பலகையை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடுவது மேல். கம்பம் நடத் தோண்டும் திட்டமானால் சில நாள் முன்னதாக 811க்கு அழைத்துப் பூமிக்கடியில் செல்லும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கோளாறு அப்பாக்கள். வீட்டில் கருவி வைத்திருக்கும் அப்பா ஒருவர் பத்து நிமிடத்தில் தலைமையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார், நல்லெண்ணத்தோடுதான். பிள்ளை ஓரமாகத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். நேர்காணலில் “யார் என்ன செய்ய வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தாய்?” என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்காது. பெரியவர்கள் பாதுகாப்பைப் பார்க்கட்டும், 21 வயது கடந்த, பதிவு பெற்ற தலைவர்கள் இருவர் இருந்தே ஆக வேண்டும். கேள்வி வந்தால் மட்டும் “அவனிடம் கேள்” என்று பிள்ளையின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பணம்: பிள்ளை, பெற்றோர், உறவினர், ட்ரூப், பயன்பெறும் அமைப்பு தருவதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். வெளியே கார் கழுவியோ இணையத்தில் கேட்டோ திரட்டுவதாக இருந்தால் நிதி திரட்டும் விண்ணப்பம் வேண்டுமா என்று கவுன்சிலில் முதலில் கேளுங்கள். மிச்சப் பணம் பயன்பெறும் அமைப்புக்குத்தான் போக வேண்டும், பிள்ளையின் கைக்கு அல்ல. யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்ற பட்டியலையும், முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அன்றே சேர்த்து வையுங்கள். இறுதி அறிக்கைக்கு இவை வேண்டும்.

காகிதமும் நேர்காணலும்

எல்லாம் முடிந்தபின் விண்ணப்பப் படிவம். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பேட்ஜும் கிடைத்த தேதி கேட்கும். கவுன்சில் தன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு தேதி பொருந்தாவிட்டாலும் திரும்பி வரும். நீச்சல், நடை, சைக்கிள் போல ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரிகளில் எடுக்காததை அடித்துவிட வேண்டும். மறந்துபோகும் இடம் இது. தன் லட்சியங்களையும் வாழ்க்கை நோக்கத்தையும் பற்றிப் பிள்ளை ஒரு சிறு அறிக்கை எழுத வேண்டும். பெற்றோர், ஆசிரியர், வழிபாட்டுத் தலம் சார்ந்தவர், வேலை பார்த்தால் முதலாளி, இன்னும் தெரிந்தவர்கள் என்று பரிந்துரைப்பவர்களின் பெயர்களும் தர வேண்டும். அவர்கள் எழுதும் கடிதத்தைப் பிள்ளை படிக்கக் கூடாது. பெயரைத் தரும் முன்பு அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடிதம் தாமதமாகாது.

நேர்காணல் குழுவில் மூன்று முதல் ஆறு பேர் வரை, எல்லோரும் 21 வயது கடந்தவர்கள். ஸ்கவுட்மாஸ்டரும் பெற்றோரும் குழுவில் இருக்க முடியாது. இதில் முடிச்சுப் போட்டுக் காட்டு என்று மறுதேர்வு கிடையாது. திட்டத்தில் எது தவறியது, எப்படிச் சமாளித்தாய், சாரணர் சட்டத்தில் எது கடினம் என்ற மாதிரி பேச்சு. “எல்லாம் நல்லபடியாகப் போச்சு” என்று முடிக்கும் பிள்ளையைவிட, மண் லாரி முன்னாலேயே வந்துவிட்டதைச் சொல்லும் பிள்ளைக்குப் பேச நிறைய இருக்கும். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். மறுத்தால் காரணமும், என்ன செய்தால் சரியாகும் என்பதும், மேல்முறையீட்டு வழியும் எழுத்தில் தர வேண்டும்.

ஒப்புதல் கிடைத்தால் அந்த நாளே ஈகிள் ஆன தேதி. ஆவணங்கள் தேசிய அலுவலகத்துக்குப் போய், சான்றிதழ் திரும்பி வரக் கொஞ்ச நாள் ஆகும். விழாவுக்கு மண்டபம் பிடிப்பதையும் அழைப்பிதழ் அடிப்பதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.